மழையில் அழுகாத மிளகு ரகம் எது? மலைத்தோட்டக்காரர்கள் சொல்லுங்கள்

கொல்லிமலை_இளையவன்

எல்லாருக்கும் வணக்கம். செம்மேடு பக்கம் எங்களுக்குக் காப்பித் தோட்டம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றியிருக்கிறோம். பெரும்பாலும் பன்னியூர் 1, ஓரமாகத் தாத்தா காலத்துக் கரிமுண்டா கொஞ்சம்.

போன ஐப்பசி அடைமழையில் கீழ்ச்சரிவுக் கொடிகள் வரிசையாகப் போய்விட்டன. பச்சையாக நின்ற கொடி, சில நாளில் இலை தொங்கி, தண்டு கணுக்கணுவாகக் கழன்று விழுந்தது. அடியில் கிளறினால் அழுகல் நாற்றம். மேல்சரிவுக் கொடிகள் சாகவில்லை. ஆனால் சிலது மஞ்சளடித்து, வளர்ச்சியே இல்லாமல் நிற்கிறது.

வருகிற ஆனி, ஆடியில் புதுக்கொடி நடப் போகிறோம். பூஞ்சணம் தாக்காத ரகம் எது? சக்தி என்கிறார்கள், தேவம் என்கிறார்கள், ஒட்டுக்கட்டிய கொடிதான் நிற்கும் என்று இன்னொருவர் சொல்கிறார். அப்பாவோ, "எந்த ரகம் வெச்சாலும் மழைக்குப் போறது போகத்தான் போகும்" என்கிறார். அனுபவப்பட்டவர்கள் வழிகாட்டுங்கள்.

ஏற்காடு_காப்பி

சக்தி வைங்க தம்பி. யோசிக்கவே வேண்டாம்.

தாண்டிக்குடி_பெரியவர்

தம்பி, ரகத்தைப் பிறகு பார்க்கலாம். கீழ்ச்சரிவில் செத்ததும் மேல்சரிவில் மஞ்சளடிப்பதும் ஒரே நோய் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒரு நோயைத் தாங்கும் ரகம் மற்ற நோயைத் தாங்காது. எது தாக்கியது என்று தெரியாமல் ரகம் வாங்கினால் காசுதான் போகும்.

சட்டென்று சாவது துரித வாடல். பைட்டாப்தோரா கிருமி செய்கிற வேலை. முதலில் இலையில் தெரியும். கரும்புள்ளி வரும், தண்ணீரில் ஊறியது போல் இருக்கும். அந்த இலையைப் பறித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். புள்ளியின் விளிம்பு வெட்டியது போல நேராக இருக்காது, இழை இழையாகச் சிலும்பி நிற்கும். அது வளர்ந்துகொண்டிருக்கிற புள்ளி. இலை முழுவதும் கறுப்பதற்குள்ளேயே கொட்டிவிடும். இலையோடு நின்றால் கொடி பிழைக்கும். தூரில், மண்மட்டத்தில் தாக்கினால் பிழைக்காது. தூர்ப்பட்டையைக் கத்தி முனையால் லேசாகச் சீவிப் பார்த்தால் உள்ளே கறுத்துக் கொழகொழவென்று இருக்கும்.

மஞ்சளடித்து மெதுவாகச் சாவது வேறு கதை. மழை முடிந்த பிறகு மஞ்சள் தெரியும், பங்குனி சித்திரையில் முற்றும், அடுத்த மழைக்குக் கொஞ்சம் துளிர்த்து ஏமாற்றும், அதற்கடுத்த கோடையில் இன்னும் இளைக்கும். இது மெது வாடல். பெரும்பாலும் வேரில் நூற்புழு, அதாவது கண்ணுக்குத் தெரியாத நூல் போன்ற புழு, இருக்கும். ஒரு மஞ்சள் கொடியின் ஓரத்தில் கைவிரலால் மண்ணை விலக்கிச் சல்லிவேர் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் கழுவிப் பாருங்கள். சிறுசிறு முடிச்சுகள் இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. முடிச்சே இல்லாமல் வேர் பழுப்பேறி அறுந்து வந்தால் துளைக்கும் வகை நூற்புழுவாக இருக்கலாம், பைட்டாப்தோராவும் சேர்ந்திருக்கலாம்.

இன்னொன்று, காய் வெடித்துக் கொட்டுவது, சரம் உதிர்வது, இலையில் மஞ்சள் வளையத்தோடு பழுப்புப் புள்ளி. அது ஆந்த்ராக்நோஸ். பனிமூட்டம் நிற்கிற உயரமான தோட்டங்களில் அதிகம். இந்த மூன்றில் உங்களுக்கு எது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

கொல்லிமலை_இளையவன்

ஐயா, இன்று போய்ப் பார்த்தேன். மேல்சரிவுக் கொடியின் வேரில் முடிச்சு இருக்கிறது, கடுகு அளவிலும் அதைவிடச் சின்னதாகவும். படம் எடுத்து வைத்திருக்கிறேன். கீழே மிச்சமிருக்கும் கொடிகளில் இலைப்புள்ளி இப்போது இல்லை, மழையும் இல்லை. செத்த கொடிகளின் தூர் இன்னும் மண்ணிலேயே இருக்கிறது.

தேவாலா_மிளகுத்தோட்டம்

செத்த தூரை முதலில் வேரோடு பிடுங்கி எரிச்சிடுங்க தம்பி. அதுதான் அடுத்த வருஷத்துக்கு விதை.

நாங்க கூடலூர் பக்கம், தேவாலா. மழை எங்க ஊரில் எப்படிப் பெய்யும்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். ஆனியில் ஆரம்பிச்சா புரட்டாசி வரைக்கும் இலை காயவே காயாது. பக்கத்து வயநாட்டில் இந்த வாடலால் எத்தனை மிளகுத் தோட்டம் மொட்டையாச்சுன்னு கண்ணால பார்த்தவங்க நாங்க. அதனால ரகம் பற்றி எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

சக்தி, தேவம் ரெண்டுமே கோழிக்கோட்டில் இருக்கும் இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தோட ரகம். ரெண்டும் பைட்டாப்தோராவைத் தாங்கும்னு சொல்லித்தான் வெளியிட்டாங்க. தாங்கும் என்கிறதைக் கவனிங்க. தாக்காதுன்னு யாரும் சொல்லல. எங்க தோட்டத்தில் பன்னியூர் வரிசையில் நோய் புகுந்தா அந்த வரிசை மொத்தமா போகும். தேவம் நட்ட இடத்தில் இலைப்புள்ளி வரும், சில கொடி சாகும், மிச்சம் நிக்கும். அந்த வித்தியாசமே எங்களுக்குப் பெரிசு. ஆனா தண்ணி தேங்குற பள்ளத்தில் தேவமும் நிக்காது, சக்தியும் நிக்காது.

உங்க கொல்லிமலைக்கு ரெண்டில் எதுன்னு கேட்டா நான் தேவம்னு சொல்வேன். தேவமுண்டி என்கிற நாட்டுக்கொடியில் இருந்து தேர்ந்தெடுத்தது. மலையிலும் வரும், சமவெளியிலும் வரும்.

மேல்சரிவில் வேர்முடிச்சு இருக்குன்னு சொன்னீங்க. அங்கே பௌர்ணமி வைக்கலாம். வேர்முடிச்சு நூற்புழுவைத் தாங்குற ரகம் அதுதான். பௌர்ணமியைக் கீழ்ச்சரிவில் கொண்டுபோய் வெச்சுட்டு வாடிப்போச்சுன்னு சொல்லாதீங்க, அது அந்த நோய்க்கான ரகம் இல்லை.

வேளாண்_பட்டதாரி

அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இந்த இழையில் எல்லாரும் பூஞ்சணம் என்றே சொல்கிறோம். பைட்டாப்தோரா உண்மையில் பூஞ்சணம் இல்லை. வகைப்பாட்டில் அது நீர்ப்பாசிகளுக்குத்தான் நெருங்கிய உறவு. தோட்டத்துக்கு இதனால் என்ன? இரண்டு விஷயம்.

முதலாவது, மருந்து. கடையில் போய் "மிளகு வாடுது" என்றால் கார்பென்டாசிம் எடுத்துத் தருகிறார்கள். பைட்டாப்தோராவை அது ஒன்றுமே செய்யாது. ஆந்த்ராக்நோஸுக்கு அது வேலை செய்வதால், ஒரு தோட்டத்தில் கேட்டதாகவும் இன்னொரு தோட்டத்தில் கேட்கவில்லை என்றும் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். பைட்டாப்தோராவுக்கு ஒரு சத போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்தது), காப்பர் ஆக்ஸிகுளோரைடு, மெட்டலாக்ஸிலும் மேங்கோசெப்பும் சேர்ந்த மருந்து, பொட்டாசியம் பாஸ்போனேட், இவைதான்.

இரண்டாவது, அதன் வித்துகள் நீந்தும். நுண்ணிய வால் உண்டு. மண் துளைகளில் தண்ணீர் நிறைந்திருந்தால் ஒரு வேரிலிருந்து அடுத்த வேருக்கு நீந்திப் போகும், மழைத்துளி தெறித்தால் மண்ணிலிருந்து கீழ் இலைக்கு ஏறும். கீழ்ச்சரிவில் வரிசையாகச் செத்ததற்குக் காரணம் இதுதான். மேலிருந்து வந்த தண்ணீர் கிருமியையும் சேர்த்துக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறது.

மண்ணில் இன்னும் இருக்கிறதா என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். செத்த கொடியின் தூரிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து அகலமான பாத்திரத்தில் போட்டு, மூன்று விரற்கடை தண்ணீர் ஊற்றித் தெளிய விடுங்கள். மேலே நோயில்லாத மிளகுக்கொடியின் இளம் இலைத்துண்டுகளை மிதக்க விடுங்கள். நிழலில் இருக்கட்டும். இரண்டு மூன்று நாளில் துண்டின் ஓரத்தில் கறுப்பு ஏறினால் சந்தேகப்படலாம். நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உறுதி. இதே முறையில் ஆய்வுக்கூடங்களில் வேறு இலைகளைப் பயன்படுத்துவார்கள். உங்களுக்கு ஏற்காட்டில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் பக்கம்தான், மண்ணும் வேரும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

வால்பாறை_சரவணன்

ஒட்டுக்கொடி பற்றி யாரும் சொல்லவில்லை. பிரேசில் திப்பலி வேர்ச்செடியில் மிளகை ஒட்டுக்கட்டினால் வாடலே வராது என்று எங்கள் பக்கம் நல்ல வியாபாரம் நடக்கிறது. நாற்று விலை சாதாரண நாற்றைப் போலப் பல மடங்கு. போட்டவர்கள் இருக்கிறீர்களா?

தேவாலா_மிளகுத்தோட்டம்

அந்தத் திப்பலிக்கு வாடலும் வராது, நூற்புழுவும் அண்டாது, அது உண்மை. தென் அமெரிக்காவில் சதுப்பு நிலத்துச் செடி. அதனாலேயே தண்ணி வேணும். கோடையில் நீர் பாய்ச்ச வசதி இல்லாத சரிவில் வெச்சா மிளகு வாடுறதுக்கு முன்னாடி வேர்ச்செடி காய்ஞ்சிடும். இன்னொன்னு, சில வருஷம் நல்லா வந்துட்டு ஒட்டு போட்ட இடத்தில் ஒத்துப்போகாம கொடி நலியறது உண்டு. ஆற்றோரம், ஓடையோரம், வயல் வரப்பு மாதிரி எப்பவும் ஈரமா இருக்கிற சின்ன இடத்துக்கு அது சரி. மலைச்சரிவு முழுக்க அதை நம்பி நட நான் சொல்ல மாட்டேன்.

சிறுமலை_மிளகு

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. இங்கே எல்லாரும் பன்னியூர் 1-ஐ வில்லனாக்குகிறீர்கள். 1971-ல் வந்த ரகம், உலகத்திலேயே முதல் கலப்பின மிளகு. உதிரங்கொட்டாவையும் செறியகணியக்காடனையும் சேர்த்து எடுத்தது. நீளமான சரம், பருமனான காய், நட்ட சில வருடத்தில் காய்ப்பு. எங்கள் மலையில் வீடு கட்டியவர்கள் பலர் இந்தக் கொடியில் கட்டியவர்கள். வாடல் வருகிறது என்று அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, சந்தையில் காய் சின்னது என்று விலை குறைப்பவனிடம் யார் பதில் சொல்வது? கொடி நின்றால் மட்டும் போதாது, காய்க்கவும் வேண்டும்.

தாண்டிக்குடி_பெரியவர்

சிறுமலை நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பன்னியூர் 1 வெயில் கேட்கிற கொடி. நிழல் அடர்ந்தால் சரத்தில் இருபால் பூ குறையும், காய் பிடிப்பு குறையும், இலையும் காயாமல் ஈரமாகவே நிற்கும். சில்வர் ஓக்கின் கிளையைப் பல வருஷம் கழிக்காமல் விட்டுவிட்டு, பன்னியூரைத் திட்டுகிற தோட்டங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கரிமுண்டா நிழலைத் தாங்கும். காப்பிக்கு நிழல் வேண்டும் என்று மரத்தை விட்டு வைக்கிற இடத்தில் கரிமுண்டாவே பொருத்தம். காய் சின்னதுதான், ஆனால் காரமும் மணமும் பழைய வியாபாரிகளுக்குத் தெரியும்.

ஆகவே தம்பி, தோட்டத்தை ஒரே நிலமாகப் பார்க்காதீர்கள். வெளிச்சமும் வடிகாலும் உள்ள மேடு எது, நிழல் எது, தண்ணீர் வந்து இறங்குகிற இடம் எது என்று மழை பெய்கிறபோதே குடை பிடித்து நடந்து பார்க்க வேண்டும். வெயில் காலத்தில் நின்று பார்த்தால் எல்லா இடமும் நல்ல இடமாகத்தான் தெரியும். மேட்டில் பன்னியூர் இருக்கட்டும். கீழ்ச்சரிவில் தேவம், சக்தி இரண்டையும் கலந்து நடுங்கள். நிழலில் உங்கள் தாத்தா கரிமுண்டா. நூற்புழு உள்ள இடத்தில் பௌர்ணமி. ஒரே ரகத்தை முழுத் தோட்டத்திலும் நட்டால் ஒரே மழை முழுத் தோட்டத்தையும் எடுத்துக்கொண்டு போகும்.

தண்ணீர் தேங்குகிற இடத்தில் எந்த ரகமும் வேண்டாம். அங்கே வேறு எதையாவது வையுங்கள்.

கொல்லிமலை_இளையவன்

ரொம்ப நன்றி ஐயா. எங்கள் தாத்தா கரிமுண்டா நின்றதற்கும் காரணம் இப்போது புரிகிறது. அது மேட்டு ஓரத்தில், பாறை இடுக்கில் இருக்கிறது. தண்ணீர் நிற்கவே நிற்காது.

நாற்று எங்கே வாங்குவது? அடிவாரத்தில் ஒரு நாற்றங்காலில் எல்லா ரகமும் இருக்கிறது என்கிறார்கள்.

தேவாலா_மிளகுத்தோட்டம்

இதைக் கொஞ்சம் நிதானமா படிங்க. நோய் தாங்கும் ரகம்னு வாங்கின நாற்றோடயே நோய் வந்து இறங்குறதுதான் எங்க பக்கம் அதிகம் நடக்குது. எங்க ஊர்க்காரர் ஒருத்தர் பேர் தெரியாத ஒரு நாற்றங்காலில் தேவம்னு சொல்லி வாங்கினார். பையைப் பிரிச்சுப் பார்த்தா வேரெல்லாம் முடிச்சு. அதை நட்டா சுத்தமா இருந்த மண்ணும் கெட்டுப் போகும்.

நாற்று வாங்கும்போது ஒரு பையைக் கிழிச்சுக் காட்டச் சொல்லுங்க. வெள்ளை வேர் நிறைய இருக்கணும், முடிச்சு இருக்கக் கூடாது, தண்டு மண்ணைத் தொடுற இடம் கறுத்திருக்கக் கூடாது. இலை சிறுத்து, சுருங்கி, மஞ்சளும் பச்சையுமா தேமல் மாதிரி இருந்தா அது வைரஸ். அந்தத் தாய்க்கொடியில் இருந்து எடுத்த எல்லா நாற்றிலும் அது இருக்கும், மருந்தே கிடையாது. பையைக் கிழிக்க விடாத கடையில் வாங்காதீங்க.

முதல் முறை கொஞ்சமா, ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தோ அவங்க கைகாட்டுற இடத்தில் இருந்தோ தாய்க்கொடி மட்டும் வாங்குங்க. அப்புறம் நீங்களே பெருக்கலாம். நல்லா காய்க்கிற, நோயில்லாத கொடியின் அடியில் ஓடுற ஓடுகொடியை ஐப்பசி கார்த்திகையில் தரையில் படர விடாம ஒரு குச்சி நட்டுச் சுருட்டி வைங்க. மாசி பங்குனியில் வெட்டி, நுனியையும் அடியையும் விட்டுட்டு நடுப்பகுதியை ரெண்டு மூணு கணுவா நறுக்கிப் பையில் வைங்க. பையில் போடுற மண்ணைக் கோடை வெயிலில் பாலித்தீன் விரிப்புக்கு அடியில் ஈரத்தோட மூடி வெச்சு எடுத்தா பெரும்பாலான கிருமியும் நூற்புழுவும் போயிடும்.

சிறுமலை_மிளகு

ஓடுகொடியைத் தரையில் விடாதே என்பதற்காகவே இந்த இழையை எல்லாரும் படிக்க வேண்டும். தரையில் கிடக்கிற கொடியில்தான் தெறிக்கிற மண் முதலில் படும். மழைக்கு முன்னால் அதை மரத்தில் தூக்கிக் கட்டவோ வெட்டவோ வேண்டும். மழைக்காலத்தில் தூரைக் கொத்தவும் கூடாது. வேர் காயம் பட்டால் கிருமி உள்ளே போக வழி.

கொல்லிமலை_இளையவன்

மருந்து அடிக்கிற காலம் பற்றி ஒரு சந்தேகம். நான் படித்த கேரளக் குறிப்புகளில் மே, ஜூனில் ஒரு முறை, ஆகஸ்ட், செப்டம்பரில் ஒரு முறை என்று இருக்கிறது. எங்களுக்கு அப்போது பெரிய மழை இல்லையே? எங்களுக்குப் புரட்டாசி, ஐப்பசிதான் மழை.

வேளாண்_பட்டதாரி

நல்ல கேள்வி. அந்த அட்டவணை தென்மேற்குப் பருவமழைக்கு எழுதியது. தேவாலாவுக்கும் வால்பாறைக்கும் அப்படியே பொருந்தும். கொல்லிமலை, கீழ்ப்பழனி மலை, சிறுமலை மாதிரி வடகிழக்குப் பருவமழையை நம்பிய மலைகளில், தேதியை விட்டுவிட்டு அதன் பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். தொடர்மழை பிடிப்பதற்கு முன் ஒரு முறை, மழை நடுவில் வெயில் கிடைக்கிற இடைவெளியில் ஒரு முறை. கிளை கழிப்பதும் அதே மாதிரி, உங்கள் மழைக்கு முன்னால். மே மாதத்தில் அடித்துவிட்டு ஐப்பசி வரை பாதுகாப்பு இருக்கும் என்று நினைத்தால் கலவை இலையில் இருக்காது.

டிரைக்கோடெர்மா (நோய்க்கிருமியை அடக்கும் நன்மை செய்யும் பூஞ்சணம்) போடுவதாக இருந்தால் கொடிக்கு 50 கிராம், தொழுவுரத்திலோ வேப்பம் புண்ணாக்கிலோ கலந்து, ஈரம் இருக்கும்போது தூரைச் சுற்றி. அதே இடத்தில் செம்பு மருந்தை ஊற்றினால் டிரைக்கோடெர்மா செத்துவிடும். இரண்டுக்கும் நடுவே சில வாரம் இடைவெளி விடுங்கள். பொட்டாசியம் பாஸ்போனேட்டோடு அதற்குப் பகை இல்லை.

கொல்லிமலை_இளையவன்

இழையை அப்பாவிடம் முழுவதும் வாசித்துக் காட்டினேன். கீழ்ச்சரிவில் செத்த தூரை எல்லாம் எடுத்து எரித்துவிட்டு, மேலிருந்து வருகிற தண்ணீரைத் திருப்பக் குறுக்கே வாய்க்கால் வெட்டுவது என்று முடிவு. இந்த வருஷம் அந்தப் பள்ளத்தில் மிளகு இல்லை. அதற்கு மேலே உள்ள வரிசைகளில் தேவமும் சக்தியும் கலந்து, கொஞ்சமாக. மேல்சரிவில் பௌர்ணமி கிடைத்தால் பார்ப்போம். பன்னியூர் இருப்பது இருக்கட்டும், சில்வர் ஓக்கை மட்டும் ஆவணியில் கழித்துவிடுகிறோம்.

கடைசியாக ஒன்று. போர்டோ கலவை நாங்களே தயாரிக்கலாமா? கடையில் கிடைப்பது நம்பிக்கையாக இல்லை.

தேவாலா_மிளகுத்தோட்டம்

கட்டாயம் நீங்களே செய்யுங்க, அன்னன்னைக்குச் செஞ்சு அன்னைக்கே அடிக்கணும். ஒரு கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் தண்ணியில் கரைங்க. ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பைத் தனியா நீத்து, வடிகட்டி, இன்னொரு 50 லிட்டரில் கரைங்க. பிளாஸ்டிக் தொட்டிதான், இரும்பு ஆகாது. துத்தக் கரைசலைச் சுண்ணாம்புத் தண்ணியில் மெல்ல ஊத்திக்கிட்டே கலக்கணும், மாத்தி ஊத்தாதீங்க. வானத்து நீலத்தில் பால் மாதிரி வரும்.

அப்புறம் ஒரு அரிவாளை நல்லா தேய்ச்சுப் பளபளன்னு ஆக்கி, கலவையில் கொஞ்ச நேரம் முக்கி எடுத்துப் பாருங்க. இரும்பு மேல செந்நிறத்தில் செம்பு படிஞ்சிருந்தா துத்தம் மிஞ்சியிருக்கு, அப்படியே அடிச்சா இலை கருகும். படியாம நிக்கிற வரைக்கும் சுண்ணாம்புத் தண்ணி சேருங்க. அடிக்கும்போது இலையின் அடிப்பக்கமும் நனையணும். தூருக்கு இதை ஊத்த வேண்டாம், காப்பர் ஆக்ஸிகுளோரைடு 0.2 சதம் கரைச்சுக் கொடிக்கு அஞ்சு முதல் பத்து லிட்டர் தூரைச் சுத்தி ஊத்துங்க. டிரைக்கோடெர்மா போட்ட கொடிக்கு மட்டும் அதை விட்டுடுங்க.